குட்டைப் பாசி தந்த கண்

வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில நாட்கள் கழிந்தபின், தாம்பரத்திலிருந்து முடிச்சூர்ப் பக்கமோ சேலையூர், செம்பாக்கம் பக்கமோ நடந்து சென்றால், வீடு கட்டாத காலி மனைகளில் மழைநீர் தேங்கி நிற்பதைக் காணலாம். முதலில் செம்மண் கலங்கலாக இருந்த அந்நீர் நாளடைவில் தெளிகிறது. பிறகு மெல்ல மெல்லப் பச்சை நிறம் கொள்கிறது. "பாசி பிடித்துவிட்டது" என்று சொல்லி நாம் அதைச் சுற்றிக்கொண்டு போய்விடுகிறோம்.

அந்தப் பச்சைக்குள் நீந்துகின்ற ஓர் உயிரின் உறவினத்திலிருந்து எடுத்த மரபணுவைக் கொண்டு, பல்லாண்டுகளாகப் பார்வையிழந்திருந்த ஒரு மனிதருக்குச் சிறிதளவு பார்வையை மீட்டுத் தந்திருக்கிறார்கள் என்று சொன்னால் நம்ப முடிகிறதா? 2021-ஆம் ஆண்டில் உலகறிய வெளிவந்த உண்மை இது. பாசிக்கும் மனிதக் கண்ணுக்கும் என்ன தொடர்பு? குட்டையில் கிடந்த மரபணு கண்ணுக்குள் எவ்வாறு போய்ச் சேர்ந்தது? இந்தச் சிகிச்சையால் நம் நாட்டில் யாருக்கு, எந்த அளவுக்குப் பயன் கிட்டும்? இவற்றை ஒவ்வொன்றாகக் காண்போம்.

ஒரு சிறு சோதனை

முதலில், மாணவர்கள் வீட்டிலேயே செய்து பார்க்கக்கூடிய ஒரு சோதனை. மெல்லிய பச்சை நிறம் கொண்ட குட்டை நீரைத் துணியில் வடிகட்டி ஒரு கண்ணாடிப் புட்டியில் எடுத்துக்கொள்ளுங்கள். புட்டியைச் சுற்றிலும் கறுப்புக் காகிதம் ஒட்டுங்கள். ஒரு பக்கத்தில் மட்டும் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு வட்டமாகத் துளை வெட்டி, அத்துளை சன்னலை நோக்கி இருக்குமாறு வையுங்கள். கடும் வெயில் நேரே படக்கூடாது. சில மணி நேரம் சென்றபின் காகிதத்தை மெதுவாகப் பிரித்துப் பாருங்கள். துளை இருந்த இடத்தில், கண்ணாடியின் உட்புறத்தில், பச்சை நிறம் திரண்டு நிற்கும். நீங்கள் எடுத்த நீரில் இருப்பது நீந்தும் வகைப் பாசியாக இருந்தால்தான் இது நடக்கும். நூல் நூலாகப் படரும் பாசியாக இருந்தால் நடக்காது. அப்படியானால் வேறொரு குட்டையில் எடுத்து முயலுங்கள். சோதனை முடிந்ததும் சோப்புப் போட்டுக் கை கழுவ மறக்க வேண்டாம்.

பாசி வெளிச்சத்தைத் தேடி வந்திருக்கிறது. வெளிச்சம் எந்தத் திசையில் இருக்கிறது என்பது அதற்குத் தெரிந்திருக்கிறது. அப்படியானால் அதற்குக் கண் போன்ற ஏதோ ஓர் உறுப்பு இருக்க வேண்டும் அன்றோ?

ஓர் உயிரணு, ஒரு கண்

இத்தகைய நீரில் அடிக்கடி காணப்படும் பசும்பாசிகளுள் ஒன்று கிளாமிடோமோனாஸ். இதன் உடல் முழுவதும் ஒரே ஓர் உயிரணுதான். நீளம் ஏறத்தாழ 10 மைக்ரான். அதாவது நூறு பாசிகளை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் வரும். முன்புறத்தில் சாட்டை போன்ற இரண்டு கசையிழைகள் உள்ளன. அவற்றைத் துடுப்பு வலிப்பதுபோல் வலித்து, நொடிக்குத் தன் உடல் நீளத்தைப்போலப் பத்து மடங்கு தூரம் இது நீந்துகிறது. நேராக நீந்துவதில்லை, நொடிக்கு இரு முறை அளவில் தன்னைத்தானே சுற்றிக்கொண்டே முன்னேறுகிறது.

நுண்ணோக்கியில் உற்றுப் பார்த்தால், உடலின் பக்கவாட்டில் செம்மஞ்சள் நிறத்தில் ஒரு புள்ளி தெரியும். அதற்குக் கண்புள்ளி என்று பெயர். கேரட்டுக்கு நிறம் தரும் கரோட்டீன் இனத்துப் பொருள்கள் சிறு மணிகளாக அடுக்கப்பட்டு அமைந்தது அது. ஒரு பக்கத்திலிருந்து வரும் ஒளியைத் திருப்பி அனுப்புவதும், மறுபக்கத்து ஒளியை மறைப்பதும் அதன் வேலை. ஒளியை உணர்வது அந்தப் புள்ளி அன்று. அதற்கு மேலே, உயிரணுவின் மேலுறையில் பதிந்துள்ள ஒருவகைப் புரதமே ஒளியை உணர்கிறது.

பாசி சுழன்று செல்லும்போது, வெளிச்சம் பக்கத்திலிருந்து வந்தால், ஒவ்வொரு சுற்றிலும் அப்புரதத்தின்மீது ஒரு முறை ஒளி படும், ஒரு முறை மறையும். ஒளி மினுக்கு மினுக்கென்று மாறும்வரை, பாசி தன் துடுப்புகளை மாற்றி வலித்துத் திரும்புகிறது. வெளிச்சத்தை நேர்கொண்டவுடன் மினுக்கல் நின்றுவிடும். பிறகு அது நேரே போகும். மூளையும் நரம்பும் இல்லாத ஓர் உயிர் திசையறியும் வழி இதுதான்.

நகரியின் பெயர் தாங்கிய பாசி

கிளாமிடோமோனாஸின் நெருங்கிய உறவினம் வால்வாக்ஸ். கிளாமிடோமோனாஸ் போன்ற உயிரணுக்கள் ஆயிரக்கணக்கில் ஒன்றுகூடி, வழுவழுப்பான ஒரு பச்சைப் பந்தாக உருண்டு செல்வது அது. வெறும் கண்ணுக்கே ஊசிமுனை அளவில் தெரியும். வால்வாக்ஸ் கார்ட்டெரி என்னும் இனத்தில் ஏறத்தாழ 2,000 சிறு உயிரணுக்கள் நீந்தும் வேலையைச் செய்கின்றன. பதினாறு அளவிலான பெரிய உயிரணுக்கள் இனப்பெருக்கத்தைக் கவனிக்கின்றன. வேலைப் பிரிவினை எவ்வாறு தோன்றியது என்பதை அறிய விரும்பும் உயிரியலாருக்கு இது ஒரு பாடநூல் போன்றது.

இந்த இனத்தின் பெயரில் இந்தியா இருக்கிறது. 19-ஆம் நூற்றாண்டில் பம்பாயில் மருத்துவராக இருந்து அங்குள்ள நீர்நிலைகளை ஆராய்ந்த ஹென்றி ஜான் கார்ட்டர் என்பவரின் பெயரே 'கார்ட்டெரி' ஆயிற்று. உலகெங்கும் ஆய்வகங்களில் மிகுதியாகப் பயன்படும் அதன் உட்பிரிவுக்கு 'நகரியென்சிஸ்' என்று பெயர். 'நகரி என்னும் ஊரைச் சேர்ந்தது' என்பது இதன் பொருள். திருத்தணிக்கு அப்பால், இன்றைய ஆந்திர எல்லைக்குள் இருக்கும் நகரிதான் அது. பெயரிட்டவர், இந்தியப் பாசியியலின் தந்தை எனப் போற்றப்படும் எம்.ஓ.பி. ஐயங்கார் (1886–1963).

ஐயங்கார் சென்னை மாநிலக் கல்லூரியிலும், பின்னர் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் தாவரவியல் பணியாற்றியவர். தென்னாட்டின் குளம், குட்டை, ஈர மண் யாவற்றையும் தேடி அலைந்து பாசிகளைச் சேகரித்தார். ஈர மண்ணில் வளரும் பிரிட்சியெல்லா என்னும் புதிய பாசியை 1932-இல் அறிவித்தார். தென்னிந்தியாவின் வால்வாக்ஸ் குடும்பத்தைப் பற்றிய அவருடைய விரிவான ஆய்வு 1933-இல் வெளிவந்தது. இன்று ஆய்வகங்களில் வளர்க்கப்படும் நகரியென்சிஸ் கால்வழி பிற்காலத்தில் ஜப்பானில் சேகரிக்கப்பட்டது. ஆனால் அது தாங்கி நிற்பது நம் பக்கத்து ஊரின் பெயரை. 2010-இல் இப்பாசியின் மரபணுத் தொகுதி முழுவதும் படித்து முடிக்கப்பட்டது. கிளாமிடோமோனாஸின் தொகுதி அதற்கு முன்பே, 2007-இல், வெளிவந்திருந்தது.

குட்டையில் கண்ட பாசிக்குப் பெயரிட்டு, படம் வரைந்து வைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று அக்காலத்தில் யாரேனும் கேட்டிருக்கலாம். பயன் என்னவென்று தெரிய முக்கால் நூற்றாண்டு ஆயிற்று.

குருட்டுப் பாசிக்குப் பார்வை

பாசியின் ஒளியுணர் புரதம் எது என்ற கேள்விக்கு முதல் விடை 1984-இல் கிடைத்தது. அமெரிக்காவில் கென்னத் பாஸ்டரும் அவருடைய குழுவினரும் ஒரு 'குருட்டு'ப் பாசியை எடுத்துக்கொண்டனர். பிறவிக் குறையால் கரோட்டீன் இனத்துப் பொருள்களை உண்டாக்க இயலாத கிளாமிடோமோனாஸ் அது. வெளிச்சத்தை நோக்கித் திரும்பாது. அது இருந்த நீரில் ரெட்டினால் என்னும் பொருளைச் சேர்த்தார்கள். பாசி உடனே வெளிச்சத்தை அறிந்து நீந்தத் தொடங்கிற்று!

ரெட்டினால் என்பது வைட்டமின் 'ஏ'யின் ஒரு வடிவம். நம் கண்ணின் விழித்திரையில் ஒளியைப் பற்றும் ரொடாப்சின் என்னும் புரதத்துக்குள் இருப்பதும் இதே ரெட்டினால்தான். முருங்கைக் கீரையும் கேரட்டும் கண்ணுக்கு நல்லவை என்பது இதனால்தான். ஆகவே, பாசியிடம் இருப்பதும் ஒருவகை ரொடாப்சினே என்பது தெளிவாயிற்று.

ஆனால் அதன் மரபணுவைக் கண்டுபிடிக்க மேலும் பதினெட்டு ஆண்டுகள் ஆயின. ஜெர்மனியில் பீட்டர் ஹெகமான், கெயார்க் நாகெல், எர்ன்ஸ்ட் பாம்பெர்க் ஆகியோர் 2002-இல் அதைக் கண்டறிந்து, தவளை முட்டைக்குள் செலுத்திச் சோதித்தனர். ஒளி பட்டதும் அம்முட்டையில் மின்னோட்டம் எழுந்தது. இத்தகைய இரண்டாவது புரதத்தைப் பற்றிய ஆய்வு 2003-இல் வெளிவந்தது. அவ்வாய்வின் ஆசிரியர்களுள் சுனீல் கட்டேரியா என்னும் இந்திய விஞ்ஞானியும் ஒருவர். பின்னர் டெல்லியில் இத்துறை ஆய்வைத் தொடர்ந்தவர் அவர். இப்புரதங்களுக்குச் சானல்ரொடாப்சின் என்று பெயரிட்டனர். தமிழில் 'ஒளிக்கதவுப் புரதம்' எனலாம்.

ஏன் கதவு? நம் கண்ணில் உள்ள ரொடாப்சின் ஒளியைப் பற்றியதும், தான் நேரே எதுவும் செய்வதில்லை. ஓர் அலுவலகத்தில் மனு மேசைக்கு மேசை போவதுபோல, அது அடுத்த புரதத்துக்குச் செய்தி தரும்; அது மற்றொன்றுக்குத் தரும். மேசை மாறும்போதெல்லாம் செய்தி பன்மடங்கு பெருகும். எனவேதான் மிக மங்கிய ஒளியையும் நம்மால் காண முடிகிறது. பாசியின் புரதத்துக்கு இடைத்தரகர் இல்லை. அதுவே உயிரணுச் சுவரில் பதிந்த கதவு. ஒளி பட்டால் உள்ளிருக்கும் ரெட்டினால் வளைந்த வடிவுக்கு மாறும், கதவு திறக்கும், மின்னூட்டம் பெற்ற சோடியம் முதலிய அயனிகள் உள்ளே பாயும். எல்லாம் மில்லி நொடிக் கணக்கில் முடிந்துவிடும்.

நரம்பணு செய்தி அனுப்பும் முறையும் இதுவேதான்: அயனிகள் உள்ளே பாய்ந்தால் நரம்பணுவில் மின்துடிப்பு எழும். அப்படியானால், பாசியின் மரபணுவை ஒரு நரம்பணுவுக்குள் வைத்தால், அந்த நரம்பணுவை ஒளியால் இயக்கலாமே! 2005-இல் அமெரிக்காவில் கார்ல் டைசராத், எட்வர்ட் பாய்டன் முதலியோர், நாகெல், பாம்பெர்க் ஆகியோரோடு சேர்ந்து அதைச் செய்து காட்டினர். மூளை ஆராய்ச்சியில் ஒரு புதிய துறையே இதிலிருந்து பிறந்தது.

கண்ணில் நேரும் பழுது

இனி மனிதக் கண்ணுக்கு வருவோம். விழித்திரையில் மூன்று அடுக்கு நரம்பணுக்கள் உள்ளன. ஒளியை வாங்குபவை குச்சி அணுக்களும் கூம்பு அணுக்களும். அவற்றிலிருந்து செய்தி இடையணுக்கள் வழியாகச் சென்று, இறுதியில் திரள் அணுக்களை அடைகிறது. ஏறத்தாழ பத்து லட்சம் திரள் அணுக்களின் நீண்ட இழைகள் ஒன்றுசேர்ந்ததே மூளைக்குச் செல்லும் பார்வை நரம்பு.

விழித்திரை நிறமிச் சிதைவு என்று ஒரு பரம்பரை நோய் உண்டு. 'ரெட்டினைட்டிஸ் பிக்மென்டோசா' என்று கண் மருத்துவர்கள் சொல்வார்கள். இதில் முதலில் குச்சி அணுக்கள் மடிகின்றன. பிள்ளைக்கு அந்தி சாய்ந்தபின் தடுமாற்றம் வரும். பிறகு பக்கப் பார்வை சுருங்கிச் சுருங்கி, குழாய்க்குள் பார்ப்பதுபோல் ஆகும். இறுதியில் கூம்பு அணுக்களும் மடிந்து பார்வை இருண்டுவிடும். வைட்டமின் 'ஏ' குறைவால் வரும் மாலைக்கண் வேறு. அதை உணவாலும் மருந்தாலும் தீர்க்கலாம். இது அவ்வாறு தீராது. உலக அளவில் ஏறத்தாழ 4,000 பேரில் ஒருவருக்கு இந்நோய் இருப்பதாகக் கணக்கிடுகிறார்கள். தென்னிந்தியாவில் நடந்த கணக்கெடுப்பு இதைவிட மிகுதியான விகிதத்தைக் காட்டியுள்ளது.

இதற்கு ஒரு காரணம் நம் திருமண வழக்கம். இந்நோயின் பல வகைகளில், தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதான மரபணு வந்து சேர்ந்தால்தான் பிள்ளைக்கு நோய் தோன்றும். ஒரு பழுதான படி மட்டும் உடையவர் நோயின்றி வாழ்வார். தம்மிடம் அது இருப்பதே அவருக்குத் தெரியாது. அந்நியரை மணந்தால், அவரிடமும் அதே பழுது இருக்கும் வாய்ப்பு மிகக் குறைவு. மாமன் மகளை, அத்தை மகளை மணந்தால் அவ்வாய்ப்பு எட்டில் ஒன்று. அக்காள் மகளை மணந்தால் நான்கில் ஒன்று. இருவரிடமும் பழுது இருந்துவிட்டால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. சொந்தம் விட்டுப் போகக் கூடாது என்று செய்யும் திருமணங்களில் இக்கணக்கையும் குடும்பங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும்.

எண்பது பூட்டுக்கு எண்பது சாவி

பழுதான மரபணுவுக்குப் பதிலாக நல்ல மரபணுவைச் செலுத்துவதே மரபணு மருத்துவம். கண்ணில் இது கைகூடியிருக்கிறது. ஆர்.பி.இ.65 என்னும் மரபணுவின் பழுதால் நேரும் பார்வையிழப்புக்கு 2017-இல் அமெரிக்க அரசு ஒரு மரபணு மருந்தை அங்கீகரித்தது. ஆனால் அது வெளிவந்தபோது இரு கண்களுக்கும் சேர்த்து அதன் விலை 8,50,000 டாலர்!

விலையை விடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. விழித்திரை நிறமிச் சிதைவு ஒரே மரபணுவின் பழுதால் வருவதன்று. எண்பதுக்கு மேற்பட்ட மரபணுக்களில் எது பழுதானாலும் வரும். எண்பது பூட்டுகளுக்கும் எண்பது சாவி செய்ய வேண்டும். மேலும், ஒளியணுக்கள் உயிரோடு இருக்கும்போதே நல்ல மரபணுவைச் செலுத்தினால்தான் பயன். அவை மடிந்த பிறகு, மருந்து போய்ச் சேர இடமே இல்லை.

இங்கேதான் பாசி துணைக்கு வருகிறது. நோய் முற்றி ஒளியணுக்கள் மடிந்த பின்னரும், பல நோயாளிகளின் கண்ணில் திரள் அணுக்களில் பெரும்பகுதி நெடுங்காலம் உயிரோடிருக்கின்றன. மூளைக்குச் செல்லும் கம்பி அறுபடவில்லை. செய்தி தருபவர்தான் இல்லை. அந்தத் திரள் அணுக்களுக்குள் பாசியின் ஒளிக்கதவு மரபணுவை வைத்துவிட்டால், அவையே நேரே ஒளியை உணரும். எந்த மரபணு பழுதாகி நோய் வந்தது என்ற கேள்வியே எழாது. எண்பது பூட்டுக்கும் ஒரே சாவி! ஒளியைப் பற்றத் தேவையான ரெட்டினாலும் நம் கண்ணிலேயே இருக்கிறது; வெளியிலிருந்து ஊட்ட வேண்டியதில்லை.

2006-இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரில் ஷுவோ-ஹுவா பான் என்பவரின் குழு, ஒளியணுக்கள் மடிந்த எலிகளின் விழித்திரையில் இதைச் சோதித்து, அது மறுபடியும் ஒளியை உணர்வதைக் காட்டிற்று.

கண்ணுக்குள் போகும் வழி

மரபணுவை நரம்பணுவுக்குள் எடுத்துச் செல்ல ஒரு வண்டி வேண்டும். அதற்குப் பயன்படுவது அடினோ சார்ந்த வைரஸ். 25 நானோமீட்டர் அளவே உள்ள இது மனிதருக்கு நோய் எதையும் உண்டாக்குவதாகத் தெரியவில்லை. அதன் சொந்த மரபணுக்களை நீக்கிவிட்டு, அவ்விடத்தில் நமக்கு வேண்டியதை வைக்கிறார்கள். இந்த வண்டியில் டி.என்.ஏ. மொழியில் ஏறத்தாழ 4,700 எழுத்துகளுக்குத்தான் இடம் உண்டு. பாசிப் புரதத்தில் கதவாக இயங்கும் பகுதிக்கு 950 எழுத்து போதும். எனவே சிரமமின்றி ஏறிவிடுகிறது.

பாசியும் மனிதனும் ஒரே மரபு மொழியைப் பேசினாலும், எழுத்துக்கூட்டும் வழக்கம் சற்றே வேறுபடும். ஆகவே புரதம் மாறாமல், எழுத்துகளை மட்டும் மனித உயிரணுவுக்குப் பழகிய முறையில் மாற்றி எழுதுகிறார்கள். பிறகு கண்ணின் நடுவிலுள்ள கூழ்ப்பகுதியில் ஓர் ஊசி. அவ்வளவுதான்.

2016-இல் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் முதன்முதலாக ஒரு நோயாளியின் கண்ணில் இவ்வகை மரபணு செலுத்தப்பட்டது. ஆயினும் கிளாமிடோமோனாஸின் கதவு நீல ஒளிக்குத்தான் நன்றாகத் திறக்கும். மிகுந்த நீல ஒளி விழித்திரைக்கே கேடு. எனவே மஞ்சளுக்கும் செம்மைக்கும் திறக்கும் கதவைத் தேடினார்கள். 2008-இல் வால்வாக்ஸ் கார்ட்டெரியின் மரபணுத் தொகுதியிலிருந்து, நீலத்தை விட்டுச் செம்மைப் பக்கம் நகர்ந்த ஒரு கதவு கிடைத்தது. ஐயங்கார் பெயரிட்ட பாசி இவ்வாறு மருத்துவ ஆய்வுக்குள் நுழைந்தது. பின்னர் நூற்றுக்கு மேற்பட்ட பாசி இனங்களைத் துருவி ஆராய்ந்து, கிளாமிடோமோனாஸ் நாக்டிகாமா என்னும் இனத்தில் செம்மஞ்சள் ஒளிக்குத் திறக்கும் கதவைக் கண்டு, 2014-இல் அறிவித்தனர். அதைச் சற்றுத் திருத்தியமைத்த வடிவமே கிரிம்சன்-ஆர் என்பது.

மேசைமேல் ஒரு குறிப்பேடு

பாரிஸ் நகரில் ஜோஸ்-ஆலன் சாஹெல், பாசெல் நகரின் போட்டோண்ட் ரோஸ்கா ஆகியோரின் குழு, இக்கதவின் மரபணுவை 58 வயதான ஒருவரின் ஒரு கண்ணில் செலுத்தியது. நாற்பது ஆண்டுகளுக்கு முன்பே விழித்திரை நிறமிச் சிதைவு என்று கண்டறியப்பட்டவர் அவர். ஒளி இருக்கிறதா இல்லையா என்பதற்கு மேல் அவருக்கு எதுவும் தெரியாது.

ஊசி போட்டவுடன் பார்வை வந்துவிடவில்லை. திரள் அணுக்களில் புரதம் உண்டாகச் சில மாதங்கள் பிடித்தன. பாசியின் கதவில் செய்தியைப் பெருக்கும் ஏற்பாடு இல்லை என்று முன்னரே கண்டோம். சாதாரண வெளிச்சம் அதற்குப் போதாது. எனவே சிறப்பான ஒரு கண்ணாடி செய்தார்கள். அதிலுள்ள கேமரா எதிரே உள்ள காட்சியைப் பிடித்து, செம்மஞ்சள் நிறத்தில் வலுவான ஒளித் துடிப்புகளாக விழித்திரைமேல் வீசும். அதை அணிந்துகொண்டு மாதக்கணக்கில் பயிற்சி. கண் தரும் புதிய மொழியை மூளை புரிந்துகொள்ள வேண்டும் அல்லவா?

பயிற்சி தொடங்கி ஏழு மாதங்களுக்குப் பிறகு ஒரு நாள், தெருவில் நடந்தபோது, பாதசாரிகள் கடக்கும் இடத்தில் போட்டிருக்கும் வெள்ளைப் பட்டைகள் தெரிவதாக அவர் கூறினார். ஆய்வகச் சோதனையில், மேசைமேல் இருந்த குறிப்பேட்டை நூற்றுக்கு 92 முறை சரியாகக் கண்டு தொட்டார். சிறிய பெட்டியைத் தொட்டது நூற்றுக்கு 36 முறை. கண்ணாடிக் குவளைகள் எத்தனை என்று எண்ணியது நூற்றுக்கு 63 முறை சரியாக இருந்தது. கண்ணாடியைக் கழற்றினால் இவை எதுவும் இயலவில்லை. இம்முடிவு 2021 மே மாதம் வெளியாயிற்று. அதே ஆண்டில் ஹெகமான், டைசராத், இத்தகைய புரதங்களை உப்புநீர் நுண்ணுயிர்களில் முன்னரே கண்ட டீட்டர் ஊஸ்டர்ஹெல்ட் ஆகிய மூவருக்கும் லாஸ்கர் பரிசு கிடைத்தது.

இது எந்த அளவுக்குப் பார்வை?

உண்மையை உள்ளபடி சொல்ல வேண்டும். அவரால் முகம் பார்க்க முடியாது. எழுத்துப் படிக்க முடியாது. நிறங்களைப் பிரித்தறிய முடியாது. ஆனால் மேசைமேல் ஒரு பொருள் இருக்கிறது, அதைக் கை நீட்டி எடுக்கலாம் என்பதை அறிவதே, ஒன்றும் தெரியாதவருக்குப் பெரும் பேறு.

அடுத்த அடியும் எடுத்து வைக்கப்பட்டிருக்கிறது. கண்ணாடி இல்லாமலே, அறை வெளிச்சத்தில் இயங்குமாறு, பல நிற ஒளிக்கும் திறக்கும் செயற்கைப் புரதம் ஒன்றை அமெரிக்காவில் சமரேந்திர மொஹந்தியின் குழு வடிவமைத்தது. மனிதரில் அதன் முதற்கட்டச் சோதனை நடந்தது இந்தியாவில்தான். பார்வை பெரிதும் இழந்த 11 பேருக்கு அது செலுத்தப்பட்டது.

மரபணு மருத்துவத்தைக் கையாளும் திறன் நம் மாநிலத்திலேயே உண்டு. வேலூர் கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியில், ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐவருக்கு, அவர்களுடைய ரத்த மூல உயிரணுக்களை எடுத்து, அவற்றில் நல்ல மரபணுவைச் சேர்த்துத் திரும்பச் செலுத்திய சிகிச்சையின் வெற்றி 2024 டிசம்பரில் அறிவிக்கப்பட்டது. விழித்திரை நோய்களின் மரபணுக்களைச் சென்னை சங்கர நேத்ராலயாவும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும் ஆராய்ந்து வருகின்றன. எந்தக் குடும்பத்தில் எந்த மரபணு பழுதாகியிருக்கிறது என்பதை அறிந்து வைப்பது, நாளைய சிகிச்சைக்கும், இன்றைய திருமண ஆலோசனைக்கும் பயன்படும்.

ஓர் எச்சரிக்கையும் இங்கே தேவை. பார்வை மங்கும் பிள்ளையை வைத்துக்கொண்டு தவிக்கும் பெற்றோர், எந்த விளம்பரத்தையும் நம்பத் தயாராக இருப்பார்கள். மரபணு சிகிச்சை, மூல உயிரணு சிகிச்சை என்று கூறிப் பணம் கேட்பவர்களிடம் விழிப்பாக இருக்க வேண்டும். சோதனை நிலையில் உள்ள மரபணு மருந்துக்கு நோயாளியிடம் கட்டணம் வாங்குவது முறையன்று. மரபணு மருந்துகளின் சோதனைக்கான நெறிமுறைகளை இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2019-இல் வெளியிட்டுள்ளது. முறையான சோதனைகள் யாவும் அரசின் பதிவேட்டில் பதியப்பட்டிருக்கும். பதிவு எண்ணைக் கேளுங்கள். எண் இல்லையென்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

குட்டைகள் இருக்கட்டும்

சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரி 1937-இல் தாம்பரத்துக்கு வந்தபோது இப்பகுதி புதர்க்காடும் ஏரியும் குட்டையுமாக இருந்தது. இன்று பல குட்டைகள் மனைகளாகிவிட்டன. இருக்கும் ஏரிகளில் சாக்கடை கலக்கிறது. சாக்கடை மிகுந்த நீரில் ஆகாயத்தாமரையும் நச்சு நீலப்பசும்பாசியும் பெருகும். தெளிந்த மழைநீரில் வாழும் வால்வாக்ஸ் போன்றவை மறையும். பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் 2022-இல் ராம்சார் உடன்படிக்கையின் பட்டியலில் இடம்பெற்றது ஆறுதலான செய்தி. பட்டியலில் இல்லாத சிறு குட்டைகளுக்கு யார் பொறுப்பு?

செம்மஞ்சள் ஒளிக்குத் திறக்கும் கதவு, நூற்றுக்கு மேற்பட்ட பாசிகளைத் துருவிய பின்னர் அவற்றுள் ஒன்றிடம் கிடைத்தது. இன்னும் நல்ல கதவு, கண்ணாடியின் துணையின்றி மங்கிய ஒளியிலும் திறக்கும் கதவு, நாம் இன்னும் பார்க்காத ஏதோ ஒரு பாசியிடம் இருக்கக்கூடும். அது எந்த ஊர்க் குட்டையில் இருக்கிறது என்று இப்போது சொல்ல முடியாது. அடுத்த மழைக்குப் பிறகு, உங்கள் தெருக்கோடியில் தேங்கிய நீர் பச்சை நிறம் கொள்ளும்போது, ஒரு புட்டியில் எடுத்து வந்து, கறுப்புக் காகிதம் சுற்றி, சன்னலோரம் வைத்துப் பாருங்கள்.